பொடிக்கண் சல்லடை

திங்கட்கிழமை, பிற்பகல்

அன்புள்ள சில்லுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அங்கே நீ சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ஆனால் காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுகத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ குறுக்கே நாலு கேள்வி கேட்பாய், நான் உளறுவேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

நம் குளியலறைத் தரை இரண்டு மாதமாக ஈரமாகவே இருந்தது. குழாயைச் சரியாக மூடாமல் வருகிறேன் என்று உன் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் மூடினேன் என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. நேற்று நடுத்தரையில் ஒரு ஓடு அமுங்கி, அவள் கால் இடறியது. விழவில்லை, பயப்படாதே. இன்று காலை குழாய்க்காரர் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், நீ பள்ளியில் படிக்கும்போது நம் தொட்டியை மாற்றிக் கொடுத்தாரே, வேலை செய்யும் நேரத்தைவிடப் பேசும் நேரம் அதிகம், அவர்தான். ஆறு ஓடுகளைப் பெயர்த்து, கீழே இருந்த சிமெண்டை உடைத்து, மண்ணைத் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் குழாய் இணைப்பு விட்டுப்போய் நீர் கசிந்துகொண்டிருந்தது. குற்றவாளி நான் இல்லை என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரிய வெற்றி பெற்றவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

குழாய்க்காரர் சேற்றை அள்ளி வெளியே போட்டவர், "ஐயா, கண்ணாடித் துண்டு கிடக்கு, காலைப் பார்த்து வைங்க" என்றார். விரலில் லேசாகக் கீறி ரத்தம் வந்திருந்தது அவருக்கு. நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடி இல்லை சில்லு, கல்.

அகழாய்வில் முப்பத்திரண்டு வருடம் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது என்னவென்று சொல்ல வேறு ஆள் வேண்டுமா? தேன் நிறக் கல். என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம், மூன்று அரிசி மணிகளை வரிசையாக வைத்த நீளம். ஒரு பக்கம் கூர், சவரக் கத்தி மாதிரி. மறுபக்கம் நுணுக்கி நுணுக்கித் தட்டி, வேண்டுமென்றே மழுக்கி விட்டிருக்கிறார்கள். குழாய்க்காரரை மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வரச் சொன்னேன். நான் உள்ளே மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மாவின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துச் சேற்றைத் தள்ளினேன்.

ஒன்று இல்லை சில்லு. ஒன்பது.

குழாய்க்காரர் கிளறியதில் நான்கு சிதறிவிட்டன. மற்ற ஐந்தும் ஒரு களிமண் கட்டிக்குள், வரிசையாக, ஒன்றன் முனையை ஒன்று தொட்டுக்கொண்டு, கூர்ப் பக்கம் எல்லாம் ஒரே திசையில். மழுங்கிய பக்கத்தில் மூன்று கல்லில் கறுப்பாகப் பிசின் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்த மாதிரி வரிசையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீதான் காட்டினாய்.

உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குழாய்க்காரர் விடவில்லை, "என்னய்யா இது, வைரமா?" என்று துளைத்தெடுத்தார். அந்தக் காலத்து ஆட்கள் மரத்திலோ எலும்பிலோ ஒரு பள்ளம் கீறி, அதில் பிசினை உருக்கி ஊற்றி, இந்தச் சின்னச் சின்னக் கற்களை வரிசையாகப் பதித்தால் நீளக் கத்தி ஆகிவிடும், மரம் மக்கிப் போய்க் கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று சொன்னேன். அவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, கெட்டிக்காரனுங்க. ஒண்ணு ஒடஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம், முழுக் கத்தியையும் தூக்கிப் போட வேணாம்" என்றார். உன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அம்மையார் ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை இவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இப்போது நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அந்த மண் எங்கிருந்து வந்தது?

குளியலறை கட்டி ஆறு வருடம் ஆகிறது. தரையை உயர்த்த மண் தேவைப்பட்டது. அகழாய்வில் சலித்து முடித்த கழிவு மண்ணை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதிருந்த அதிகாரி சொல்லியிருந்தார். நானும் இரண்டு வண்டி கொண்டுவந்து கொட்டினேன். அந்தப் பருவத்தில் நாங்கள் தோண்டியது நான்காம் குழி மட்டும்தான். கட்டியை உடைத்துப் பார்த்தேன். நீலம் பாய்ந்த கறுப்புக் களி, உள்ளே பொடி நத்தை ஓடு. அந்தக் களி நான்காம் குழியின் அடி அடுக்கைத் தவிர வேறெங்கும் கிடையாது.

ஆனாலும் மண் அல்லவா, எங்கிருந்து எது கலந்தது என்று யார் கண்டது? வண்டிக்காரர் முந்தின நாள் ஆற்றின் அக்கரையில் மண் ஏற்றியிருக்கலாம். வண்டித் தட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ படித்தவள், நீ யோசித்துச் சொல்.

இருபதாம் தேதி உனக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு என்பது நினைவிருக்கிறது. "ஆற்றுக்கு அந்தக் கரையில் சின்னக் கல் பதித்த கருவிகள் உண்டு, இந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை, ஆறுதான் இரண்டு கூட்டத்துக்கும் எல்லை" என்று நீ ஐந்து வருடம் பாடுபட்டு எழுதியிருப்பதும் நினைவிருக்கிறது. இந்தக் கரையில் அந்தக் காலத்து மண் என்று இருப்பது நான்காம் குழி ஒன்றுதான் என்பதும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆய்வேட்டின் முதல் பக்க நகலைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேனே, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தலையை நிமிர்த்தினால் அது கண்ணில் படுகிறது. அதனால் நிமிரவில்லை.

கற்களை ஈரத் துணியில் சுற்றிச் சோப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. குழாய்க்காரர் சொல்லியிருப்பார், அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் வைரம் கிடைத்தது என்றுதான் சொல்லியிருப்பார், ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சுகமா?

உன் அன்பு
அப்பா


வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள சில்லுக்கு,

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். திங்கட்கிழமை குளியலறையில் புறப்பட்டதுதான் பூதம் என்று நினைத்திருந்தேன். அது குட்டிப் பூதம். பெரியது நேற்று உன் போனில் வந்தது.

நீ என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசினாய். கடிதம் கிடைத்தது என்றாய். பிறகு சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தாள்: "அப்பா இனிமே எதுவும் எழுத வேண்டாம், யார்கிட்டயும் பேச வேண்டாம். கல்லை எடுத்த எடத்துலயே வச்சு மூடச் சொல்லு. நாளைக்கே டைல்ஸ் போட்டுருங்க. இருபதாம் தேதி முடியட்டும்."

பேயறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றாள் உன் அம்மா. நீயா சொன்னாய் என்று மூன்று முறை கேட்டேன். ஆழம் ஒரு சென்டிமீட்டர் தப்பாக எழுதியிருக்கிறது என்று, பேருந்தில் பாதி வழி போனவள் இறங்கி, எதிர்ப் பேருந்து பிடித்துத் திரும்பி வந்து என்னை மறுபடி குழிக்குள் இறக்கி அளக்க வைத்தவள் நீ. அன்றைக்கு நான் உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். அந்தப் பெண்ணா மூடிவிடச் சொன்னாள்?

கொஞ்ச நேரம் கழித்து, அம்மா கடைசியாக ஒன்று சொன்னாள். போனை வைக்கும் முன்னால் நீ, "அப்பாவுக்கு வேலை போயிடும்மா" என்று சொல்லி அழுதாயாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வண்டித் தட்டில் ஒட்டிய மண் என்று நான் விட்ட கதையை நீ ஒரு கணம்கூட நம்பவில்லை. ஒரு முழு வரிசையும் களிமண் கட்டிக்குள்ளேயே இருந்தது என்று நானே எழுதிவிட்டேனே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? விதிப்படி கட்டியை ஊறவைத்துக் கரைத்துச் சலித்திருந்தால் அது கட்டியாகவே என் குளியலறைக்கு வந்திருக்காது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, மூன்றே நாள். ஆனால் அதற்கு முந்தைய புளுகு ஆறு வருடம் ஓடியிருக்கிறது. அதை இப்போது சொல்கிறேன். நீ ஊகித்துவிட்டாய் என்பதற்காக நான் சொல்லாமல் இருக்க முடியாது.

நான்காம் குழி மண்ணைப் பொடிக்கண் சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலிக்க வேண்டும் என்பது உத்தரவு. கடுகுகூடத் தங்கும் கண் அது. களிமண்ணை அதில் போட்டால் கூழாகி அடைத்துக்கொள்ளும். ஒரு கூடை மண்ணைக் கரைத்து இறக்க முக்கால் மணி நேரம். விரல் இடுக்கெல்லாம் புண். பெரிய கண் சல்லடையில் பட்டாணியே விழும். அதில் ஒரு கூடை மண் பத்து நிமிடத்தில் முடியும்.

சல்லடையில் தங்கியதைக் கட்டிவைக்கும் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டு போட வேண்டும். எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், எந்தச் சல்லடை, சலித்தவர் யார். ஈரக் கையோடு எழுதினால் மை ஊறும் என்று, நான் காலையிலேயே வீட்டில் உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய சீட்டுகளை எல்லாம் எழுதி வைத்துக்கொள்வேன். என் கையெழுத்து அழகு என்று அதிகாரிகளே சொல்வார்கள். எல்லாவற்றிலும் "பொடிக்கண்" என்று வரிசையாக எழுதி ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துப்போவேன். ஒரு நாள் அந்தச் சல்லடை மூலையில் கிழிந்துவிட்டது. புதியது வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைய சீட்டுகள் கையில் தயாராக இருந்தன. பெரிய கண்ணில் சலித்தேன், அந்தச் சீட்டுகளையே போட்டேன். மேலே தங்கிய கட்டிகளை ஊறவைக்காமல் கழிவுக் குவியலில் வீசினேன். ஒரு நாள்தானே, நாளைக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சீட்டு எழுத உட்கார்ந்தபோது, தெரிந்தே "பொடிக்கண்" என்று எழுதினேன். முதல் சீட்டுக்குக் கை நடுங்கியது. நாலாவது சீட்டுக்கு நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஒரு வாரத்தில் புதுச் சல்லடை வந்தது. கொட்டகையில் ஆணியில் மாட்டினேன். பருவம் முடியும்வரை அது ஆணியிலேயே தொங்கியது. மொத்தம் நாற்பத்தொரு நாள்.

ஏன் என்று கேட்பாய். இங்கேதான் உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள். அந்தப் பருவத்தில் உனக்குக் கடைசி வருடத் தேர்வு. அம்மா சித்தி வீட்டுக்கு உதவிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோம், நினைவிருக்கிறதா? சளி பிடித்துக் குரல் கம்மியிருக்கிறது என்றோம். சித்தி வீடும் இல்லை, சளியும் இல்லை. அவளுக்குக் கருப்பையை எடுத்தார்கள். கட்டி இருந்தது. சோதனை முடிவு வரப் பதினெட்டு நாள் ஆனது. கெட்ட கட்டி இல்லை என்று வந்துவிட்டது, இப்போது ஒன்றும் இல்லை, நீ பதறாதே. அப்போது பின்பக்கப் படி இறங்கிக் குளிக்கப் போக அவளால் முடியவில்லை. அதற்காகத்தான் அவசர அவசரமாக வீட்டோடு சேர்த்து அந்தக் குளியலறையைக் கட்டினேன். மதியமே வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. பெரிய கண் சல்லடை என்னை மதியமே விட்டது.

இதை நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். சல்லடைக் கதை அவளுக்கும் தெரியாது. அவள் கண் கலங்குவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. "எனக்காகப் பொய் எழுதினேன்னு என் தலையில கட்டாதீங்க. முதல் பத்து நாள் எனக்காக வந்தீங்க, ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் என் அக்கா வந்து கூடவே இருந்தா. மத்தியானம் சாப்பிட்டுட்டு நாலு மணி வரைக்கும் தூங்கினது யாரு? ஆபரேஷன் எனக்கு, குறட்டை உங்களுக்கு" என்றாள்.

பெரியம்மா வந்திருந்ததை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன். மறந்தேனா, மறந்துகொண்டேனா தெரியவில்லை. ஆறு வருடமாக நான் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்த காரணத்தை ஒரே வாக்கியத்தில் சட்டை மடிப்பது போல மடித்து வைத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் உண்மை. பத்து நாள் அவளுக்காக. முப்பத்தொரு நாள் சுகம். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் சுகம் ஒரு முறை பழகிவிட்டால் விடாது.

பிறகு அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பரிமாறிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையின் ஐந்து வருடம் போச்சே என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

நீ அந்த மூட்டைகளைப் பிரித்து ஆய்வு செய்ய ஆரம்பித்தபோது நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நீ கொட்டகைக்கு வந்து, இத்தனை சீட்டிலும் பொடிக்கண் என்றிருக்கிறது, ஒரு சின்னக் கல்கூட இல்லை, எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமாப்பா என்று குதித்தாய். என் கையைப் பிடித்துக் குதித்தாய். அப்போது வாயைத் திறந்திருந்தால் ஒரு வருத்தத்தோடு போயிருக்கும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று வெளியில் சொல்லலாம். என் பெயர் கெடும் என்ற பயம்தான் உண்மை. இல்லாத ஒன்றை நீ கண்டுபிடிக்கவில்லை அம்மா. இருந்ததை நான் வீசி எறிந்தேன். நீ என் சீட்டைப் படித்தாய், அவ்வளவுதான்.

அந்தக் கத்தியைச் செய்தவனை நினைத்துப் பார்க்கிறேன். என் நகத்தில் பாதி அகலக் கல்லின் முதுகை, உடையாமல் நாற்பது ஐம்பது தடவை தட்டி மழுக்கியிருக்கிறான். ஒன்பது கல்லுக்கும் அப்படியே. யாரும் பார்க்கப்போவதில்லை, அந்தப் பக்கம் பிசினுக்குள் மறைந்துவிடும். எனக்குச் சலிக்க முக்கால் மணி நேரம் பொறுமை இல்லை. நான் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஓட்டைக் குழாய் இரண்டே மாதத்தில் சொட்டுச் சொட்டாய்ச் செய்து முடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

இனி உன் யோசனைக்கு வருகிறேன். ஓடு பதிப்பவர் இன்று காலை எட்டு மணிக்கே சிமெண்டோடு வந்து நின்றார். நீ சொன்னபடி அம்மா வரச் சொல்லியிருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது சில்லு. மேலே நின்று தினமும் குளிக்க வேண்டியவர்கள் நாங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். நீ எங்கோ ஒரு வகுப்பில் பாடம் நடத்தும்போது உன் காலுக்குக் கீழேயும் அதுவே இருக்கும். உனக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் கிடையாது. நான் பட்டதைச் சொல்கிறேன்: முதல் சீட்டுக்குத்தான் கை நடுங்கும்.

நான் நேரே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம். நேற்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசலில் நின்று யோசித்தபோது ஒன்று தோன்றியது. நான் போய்ச் சொன்னால் நீ மாட்டிக்கொண்டவள் ஆவாய். நீ போய்ச் சொன்னால் நீ கண்டுபிடித்தவள். ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கத்தி இருந்தது, பிசினோடு, வரிசை கலையாமல் இருந்தது என்று முதலில் சொல்கிறவள் நீயாக இருக்க வேண்டும். உன் ஆய்வேட்டைத் தப்பென்று நிரூபிக்க உன்னைவிடத் தகுதியானவர் யார்? இருபதாம் தேதி தள்ளிப்போகும். வருடங்கள்கூடப் போகலாம். ஆனால் உன் பேராசிரியர் அம்மையார் நியாயமானவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு நாளும், தேதி வாரியாக, எந்த மூட்டை, எந்தச் சீட்டு பொய் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சியாக உன் அம்மாவும் போட்டிருக்கிறாள். போடும்போது, "குறட்டையையும் சேர்த்து எழுதுனீங்களா?" என்று கேட்டாள். எழுதவில்லை. இந்தத் தாளைப் பேராசிரியரிடம் கொடு. என்னை வைத்துக்கொள்வார்களா, அனுப்புவார்களா என்பது அவர்கள் பாடு. அனுப்பினால் நியாயம். நான் சலித்த மற்ற வருடங்களையும் சந்தேகப்படுவார்கள், அதுவும் நியாயம். அவற்றில் பொய் இல்லை. ஆனால் நம்பச் சொல்லிக் கேட்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன். நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய் பார், அந்த ஒன்றை மட்டும் செய்யாதே. அதைத் தாங்க என்னால் முடியாது.

கற்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு சீட்டு எழுதிச் சோப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இந்த முறை முன்கூட்டி எழுதவில்லை. குழி நான்கு. அடி அடுக்கு. ஆழம் தெரியாது. கிடைத்த இடம், சலித்தவன் வீட்டுக் குளியலறை. சல்லடை, பெரிய கண். சலித்தவர் என்ற இடத்தில் என் பெயர். குளியலறை திறந்தபடியே இருக்கிறது. மீதி மண்ணை யாரும் தொடவில்லை. நீ வந்து இறங்கும்வரை நாங்கள் இருவரும் கொல்லைப்புறத்தில் குளித்துக்கொள்கிறோம். அம்மா இப்போது படி இறங்குகிறாள், நன்றாகவே இறங்குகிறாள், என் கையைப் பிடிக்காமலே.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூடத்துச் சுவரில் இருக்கும் உன் முதல் பக்கத்தை இன்று காலை கழற்றினேன். "எதையும் தவறவிடாத என் அப்பாவின் கைகளுக்கு" என்று அச்சடித்திருக்கிறாய். இத்தனை நாளும் வருகிற ஆட்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து அதைப் படிக்க வைத்திருக்கிறேன். குழாய்க்காரர்கூடப் படித்துவிட்டு என் கையை ஒரு முறை பார்த்தார். அந்தத் தாளை மடிக்காமல் இந்த உறையில் வைத்து அனுப்புகிறேன். அந்த வரியை உன் கையாலேயே அடித்துவிடு. கறுப்பு மையில், நன்றாகத் தெரியும்படி. பிறகு அதை எனக்கே திருப்பி அனுப்பு. ஆணியைப் பிடுங்கவில்லை, அதே இடத்தில் மாட்டிக்கொள்வேன்.

நீ நன்றாக இருப்பாய் அம்மா. என்னைவிட நல்ல கைகள் உனக்கு.

அப்பா